உணவுக்குழாய் புற்றுக்கு எண்டோஸ்கோபியா, ஆபரேஷனா: இரண்டையும் வீட்டில் பார்த்தவளின் ரிவ்யூ

மார்க்கை முதலிலேயே போட்டுவிடுகிறேன், முழுசாகப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதோடு போய்க்கொள்ளலாம். உணவுக்குழாயின் உள்தோலோடு நிற்கிற ஆரம்பகட்டப் புற்றை எண்டோஸ்கோபி வழியாகவே வெட்டி எடுக்கிற ஈஎஸ்டி என்ற சிகிச்சைக்கு ஐந்துக்கு நாலு. உணவுக்குழாயையே எடுத்துவிட்டு, இரைப்பையைக் குழாய் மாதிரி ஆக்கிக் கழுத்துவரை இழுத்து இணைக்கிற பெரிய ஆபரேஷனுக்கு, அது தேவைப்பட்ட ஆளுக்குச் செய்தால் அதே நாலு, தேவைப்படாத ஆளுக்குச் செய்தால் அரை மார்க்கூட கிடையாது. எங்கள் அனுபவத்தில் பெரிய குறை வேறு இடத்தில் இருந்தது. புற்று எத்தனை ஆழம் போயிருக்கிறது என்று பார்த்துச் சிகிச்சையை முடிவு செய்ய வேண்டும், ஆனால் நடப்பது என்னவோ, நாம் முதலில் எந்த டாக்டர் ரூமுக்கு டோக்கன் போட்டோமோ அவர் கையில் இருக்கிற சிகிச்சைதான் நமக்கு. சர்ஜன் ரூமுக்குப் போனால் ஆபரேஷன், குடல் டாக்டர் ரூமுக்குப் போனால் எண்டோஸ்கோபி, கதிர்வீச்சு பக்கம் போனால் கரண்ட்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்கு இது வந்தது. மேலூர்ப் பக்கம் இருக்கிற தாய்மாமாவுக்கு முதலில், சில வருஷம் கழித்து அப்பாவுக்கு. மாமாவுக்கு ஆபரேஷன், அப்பாவுக்கு ஈஎஸ்டி. இரண்டு பேருக்கும் வந்தது ஸ்குவாமஸ் செல் வகை, அதாவது உள்தோலின் தட்டையான செல்களில் தொடங்குகிறது, இரண்டு பேருக்கும் வாயில் எந்நேரமும் வெற்றிலையும் புகையிலையும் கிடக்கும், மாமாவுக்கு அதோடு சாயங்காலத்தில் 'கொஞ்சம்' வேறு. நம் நாட்டில் இந்த வகைதான் அதிகம், புகையிலை, பாக்கு, சாராயம் மூன்றும் அதற்கு நேர்வழி. அப்பாவும் மாமாவும் ஒருவருக்கொருவர் ரத்த சம்பந்தம் உள்ளவர்கள் இல்லை என்பதால் பரம்பரை என்று பயப்பட ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். அம்மா மட்டும் இன்னமும் 'நம்ம வீட்டுக்கு யார் கண்ணு பட்டுச்சோ' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

எந்த ஆஸ்பத்திரி என்று கமெண்டில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். பயந்து அல்ல. இந்த வேலை கட்டடத்தையோ வாசலில் இருக்கிற போர்டையோ நம்பி நடப்பதில்லை, செய்கிற கையை நம்பி நடக்கிறது. அந்தக் கை அடுத்த வருஷம் வேறு ஆஸ்பத்திரிக்கு மாறிப் போய்விட்டால் என் ரிவ்யூவைப் படித்துப் போனவர் ஏமாந்து போவார்.

சரி, ஆழம் என்று சொன்னேனே, அதைப் புரிந்துகொள்ளாமல் இந்தச் சமாச்சாரத்தில் ஒரு கையெழுத்தும் போடக்கூடாது. உணவுக்குழாயின் சுவரே சில மில்லிமீட்டர்தான். உள்பக்கம் மியூகோசா, அதன் கீழே சப்மியூகோசா, அதற்கும் வெளியே தசை. புற்று மியூகோசாவோடு நின்றால் டி1ஏ, சப்மியூகோசாவுக்குள் இறங்கினால் டி1பி. ரிப்போர்ட்டில் இரண்டையுமே ஆரம்பகட்டம் என்றுதான் எழுதுவார்கள், நாமும் 'ஆரம்பம்தானே' என்று மூச்சு விடுவோம், ஆனால் இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. உணவுக்குழாயில் நிணநீர்க் குழல்கள் மேலாகவே ஓடுகின்றன, அதனால் பெருங்குடலில் வருகிற புற்றைவிட இது சீக்கிரம் நெறிகட்டிகளுக்குப் பரவிவிடும். மியூகோசாவின் மேல் அடுக்குகளில் மட்டும் இருந்தால் பரவியிருக்கிற வாய்ப்பு ஏறக்குறைய இல்லை. மியூகோசாவின் கடைசி அடுக்கைத் தொட்டுவிட்டால் சுமாராகப் பத்தில் ஒருவருக்குப் பரவியிருக்கலாம். சப்மியூகோசாவுக்குள் நன்றாக இறங்கியிருந்தால் மூன்றில் ஒருவர், சில கணக்குகளில் அதற்கும் மேல். ஸ்குவாமஸ் வகையில் சப்மியூகோசாவுக்குள் 200 மைக்ரான் என்பதைத்தான் எல்லைக்கோடாக வைத்திருக்கிறார்கள். 200 மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. மாமாவும் அப்பாவும் வேறு வேறு வாழ்க்கை வாழ்வதற்குக் காரணம் அவ்வளவு சின்ன தூரம்தான்.

அப்பாவுக்கு அறிகுறி என்று எதுவும் இல்லை. சோறு அடைக்கவில்லை, எடை குறையவில்லை. நெஞ்சு எரிகிறது என்று ஜெலுசிலாகக் குடித்துக்கொண்டிருந்தவரை ஒரு சாதாரண எண்டோஸ்கோபிக்கு அழைத்துப் போனோம். நடு உணவுக்குழாயில் லேசாகச் சிவந்த ஒரு இடம், சந்தேகத்துக்குச் சதை எடுத்தார்கள், புற்று என்று வந்தது. சதை ரிப்போர்ட் வந்த அன்றே, சிடி ஸ்கேன்கூட எடுக்காத நிலையில், அந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். 'ஆரம்பம்தான், எடுத்துட்டா கிளீன்' என்று ஒரே வரி. எண்டோஸ்கோபி வழியாக எடுக்க முடியுமா என்று நான் கேட்டதற்கு, அதெல்லாம் ஜப்பான்காரன் செய்வது என்று சிரித்தார்கள். மாமா பட்டதை நான் பார்த்திருக்கவில்லை என்றால் அங்கேயே கையெழுத்துப் போட்டிருப்போம். அந்த இடத்துக்கு என் மார்க் பூஜ்யம். ஆபரேஷன் சொன்னதற்காக இல்லை, ஆழம் தெரியாமல் சொன்னதற்கு.

இரண்டாவது இடத்தில் ஒரு குடல் நோய் டாக்டர். 'அய்யா, இன்னொரு தடவை உள்ள பார்த்துட்டுத்தான் பேசுவேன்' என்றார். அப்பாவுக்கு எரிச்சல், திரும்பவும் குழாயா என்று. ஆனால் இந்த இரண்டாவது எண்டோஸ்கோபிதான் மொத்தக் கதையையும் மாற்றியது. முதலில் என்பிஐ என்கிற நீலப் பச்சை வெளிச்சத்தில் பார்த்தார்கள், அதில் புற்று இருக்கிற இடம் பழுப்பாகத் தெரியும், அங்கே இருக்கிற நுண்ணிய ரத்தக் குழாய்கள் எப்படிக் கோணி வளைந்திருக்கின்றன என்பதை வைத்து ஆழத்தை ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். அப்புறம் லூகால் என்கிற அயோடின் மருந்தைத் தெளித்தார்கள். நல்ல தோலில் இருக்கிற கிளைகோஜன் அதை உறிஞ்சிப் பழுப்பு நிறமாகிவிடும், புற்று இருக்கிற இடம் மட்டும் நிறம் ஏறாமல் வெளிறி நின்று, கொஞ்ச நேரத்தில் ரோஸ் நிறமாக மாறும். எல்லை அப்படியே வரைந்த மாதிரி தெரிந்தது என்று டாக்டர் படத்தைக் காட்டினார். முதல் ரிப்போர்ட்டில் சின்ன புள்ளி என்று எழுதியிருந்தது உண்மையில் குழாயின் முக்கால் சுற்றுக்குப் பரவியிருந்தது, ஆனால் மேலாக. அகலம் வேறு, ஆழம் வேறு. அகலத்தைக் கண்டு நாங்கள் பயந்தபோது, எனக்கு ஆழம்தான் முக்கியம் என்று அவர் சொன்னது அப்போது புரியவில்லை.

லூகாலுக்கு ஒரு குறை உண்டு, நெஞ்சு எரியும். ஏற்கெனவே எரிகிறது என்று போன மனுஷனுக்கு அன்று சாயங்காலம் வரை எரிந்தது. தைராய்டு, அயோடின் அலர்ஜி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், எங்களிடம் கேட்டார்கள், கேட்காத இடமாக இருந்தால் நீங்களே சொல்லுங்கள்.

எண்டோஸ்கோபி வழியாகவே அல்ட்ராசவுண்ட் பார்க்கிற ஈயுஎஸ், கழுத்திலிருந்து வயிறு வரை சிடி இரண்டும் எடுத்தார்கள், நெறிகட்டி எதுவும் தெரியவில்லை. ஆனால் டாக்டர் ஒளிக்காமல் ஒன்றைச் சொன்னார்: இவ்வளவு மேலாக இருக்கிற புற்றில் மியூகோசாவா சப்மியூகோசாவா என்று ஈயுஎஸ் சொல்வது பல தடவை தப்பாகிவிடும், உண்மையான ஆழம் வெட்டி எடுத்ததை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும். அதாவது இந்த ஈஎஸ்டி சிகிச்சை மட்டும் இல்லை, அதுவேதான் கடைசிப் பரிசோதனை. ஆழம் குறைவு என்று வந்தால் அத்தோடு முடிந்தது. அதிகம் என்று வந்தால் அப்போதும் ஆபரேஷனுக்கோ, கீமோவும் கதிர்வீச்சும் சேர்ந்த சிகிச்சைக்கோ போகலாம், கதவு மூடிவிடுவதில்லை. இதற்கு எதிர்ப்பக்கமாக யோசித்துப் பாருங்கள், உணவுக்குழாயை முழுசாக எடுத்துவிட்டு, அப்புறம் ரிப்போர்ட்டில் டி1ஏ, மேல் அடுக்குதான் என்று வந்தால், எடுத்ததைத் திரும்ப வைக்க யாராலும் முடியாது. நான் ஈஎஸ்டி பக்கம் சாய்ந்ததற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

இதில் ஈஎம்ஆர், ஈஎஸ்டி என்று இரண்டு உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். ஈஎம்ஆர் பழையது, உறிஞ்சிப் பிடித்துச் சுருக்குக் கம்பியால் அறுப்பது, சீக்கிரம் முடியும், ஆனால் ஒன்றரை இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போனால் துண்டு துண்டாகத்தான் வரும். துண்டாக வந்தால் ஓரத்தில் புற்று மிச்சம் இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஈஎஸ்டி ஜப்பானில் 1990களின் கடைசியில் இரைப்பைப் புற்றுக்கென்று வளர்ந்து, பிறகு உணவுக்குழாய்க்கும் வந்தது. புற்றைச் சுற்றிலும் சூட்டால் புள்ளி வைத்து, அடியில் மருந்துத் தண்ணீரை ஊசியில் ஏற்றித் தூக்கி, ஓரத்தை வெட்டி, அப்புறம் சப்மியூகோசாவைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து மொத்தத்தையும் ஒரே துண்டாக எடுக்கிறார்கள். நான் டெய்லரிங் செய்கிறவள், எனக்கு அது ரவிக்கையின் வெளித்துணியில் கத்தரி நுனிகூடப் படாமல் லைனிங்கை மட்டும் முழுசாகப் பிரித்து எடுக்கிற வேலை என்று தோன்றியது, அதுவும் வாய் வழியாக, மூச்சும் இதயத் துடிப்பும் ஆட்டிக்கொண்டிருக்கிற இடத்தில். வெளித்துணி கிழிந்தால் ஓட்டை, நெஞ்சுக்குள் காற்று. ஓட்டை விழுகிற வாய்ப்பு நூற்றில் சில பேருக்கு உண்டு, பெரும்பாலும் கிளிப் போட்டே அடைத்துவிடலாம் என்று கையெழுத்து வாங்கும்போது சொன்னார்கள்.

முழு மயக்கம், தொண்டையில் மூச்சுக் குழாய், எல்லாம் ஆபரேஷன் மாதிரியேதான். 'எண்டோஸ்கோபிதானே, அரை மணி நேரத்துல வந்துரலாம்' என்று அண்ணன் ஆபீசுக்கு அரை நாள் லீவு மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தான், மத்தியானத்துக்கு மேலேயும் கதவு திறக்கவில்லை. வெளியே வந்த டாக்டர் ஒரு தெர்மாகோல் அட்டையில் குண்டூசி குத்தி விரித்து வைத்திருந்த சவ்வைக் காட்டினார். அதை அப்படி விரித்துக் குத்தி ஃபார்மலினில் போட்டால்தான் சுருங்காமல் இருக்கும், லேபில் இரண்டு இரண்டு மில்லிமீட்டராக நறுக்கி எல்லா ஓரத்தையும் பார்க்க முடியும். உங்கள் ஆஸ்பத்திரியில் இப்படிக் குத்தி அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். டப்பாவில் சும்மா சுருட்டிப் போட்டு அனுப்புகிற இடமாக இருந்தால் எவ்வளவு நல்ல கை வெட்டியிருந்தாலும் பாதி பலன் வீண்.

மறுநாள் தண்ணீர், அப்புறம் கஞ்சி, அப்புறம் குழைந்த சோறு. லேசான நெஞ்சு வலி, ஒருநாள் காய்ச்சல். வாரம் முடிவதற்குள் வீடு.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பயாப்சி ரிப்போர்ட்தான், சிரிக்காதீர்கள். ஆழம் மியூகோசாவின் நடு அடுக்கு வரை, பக்க ஓரம் சுத்தம், அடி ஓரம் சுத்தம், ரத்தக் குழாயிலோ நிணநீர்க் குழலிலோ புற்று இல்லை, இவ்வளவும் தனித்தனி வரியாக இருந்தது. இந்த நாலும் நல்லபடியாக வந்தால்தான் முடிந்தது என்று சொல்லலாம். இதில் ஒன்று விடுபட்டிருந்தாலும் லேபுக்கே திருப்பி அனுப்பி எழுதச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம், ஸ்வீட் கடையில் பில் சரிபார்க்கிற அளவுக்காவது இதைச் சரிபார்க்கலாமே.

ஒரு மார்க் ஏன் குறைத்தேன் என்று சொல்ல வேண்டும். முக்கால் சுற்றுக்கு மேல் தோலை உரித்து எடுத்தால் ஆறும்போது குழாய் சுருங்கும். இது தெரிந்த விஷயம், அதனால்தான் எடுத்த அன்றே அந்த இடத்தில் ட்ரையாம்சினலோன் என்கிற ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள், சிலருக்கு ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுப்பார்கள். போட்டும் அப்பாவுக்குச் சுருங்கியது. மூன்றாவது வாரத்தில் இட்லி இறங்கவில்லை, புற்று திரும்ப வந்துவிட்டது என்று வீட்டில் எல்லாரும் அழுது, அப்பா கோவில் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். போய்க் கேட்டால், 'இது எதிர்பார்த்ததுதான், பலூன் வைத்து விரித்தால் சரியாகிடும்' என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். எதிர்பார்த்தது என்றால் எங்களிடமும் சொல்லியிருக்க வேண்டாமா. கையெழுத்து வாங்கின தாளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது என்று பிறகு எடுத்துக் காட்டினார்கள், அந்தத் தாளை எந்தக் குடும்பம் வரி வரியாகப் படிக்கிறது? பலூன் வேலை சில தடவை செய்ய வேண்டி இருந்தது, ஒவ்வொன்றும் தனி பில், தனிப் பட்டினி, தனிப் பயம். இப்போது பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் ஊறப்போட்டுச் சாப்பிடுகிறார், கறி தோசை மட்டும் சவைக்கச் சோம்பல்.

இனி மாமா கதை. மாமாவுக்குக் கண்டுபிடிக்கும்போதே ஈயுஎஸ்ஸில் சப்மியூகோசாவுக்குள் ஆழமாக இறங்கியிருந்தது, நடுவில் குழிந்த புண். அவருக்கு ஆபரேஷன்தான் சரி என்று இன்று யோசித்தாலும் தோன்றுகிறது. மூன்று கட்டமாகச் செய்தார்கள்: நெஞ்சுக்குள் கேமரா விட்டு உணவுக்குழாயைச் சுற்றிலும் விடுவித்து, பக்கத்து நெறிகட்டிகளை எடுத்து, அப்புறம் வயிற்றில் இரைப்பையை நீளக் குழாயாகத் தைத்து, கடைசியில் கழுத்தில் வெட்டி அங்கே இணைப்பது. நெஞ்சுப் பகுதியைக் குப்புறப் படுக்க வைத்துச் செய்தார்கள், கேட்டபோது எனக்கு விசித்திரமாக இருந்தது. அந்த முறையில் நம்ம கோயம்புத்தூரில் டாக்டர் பழனிவேலு குழுவினர் 130 பேருக்குச் செய்த அனுபவத்தை 2006-லேயே எழுதியிருக்கிறார்கள், உலகம் முழுக்க அதைப் பார்த்துச் செய்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. குப்புறப் படுத்தால் நுரையீரல் தன் கனத்தில் தானே ஒதுங்கிக்கொள்ளும், அதை அமுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை.

வெட்டி எடுத்த நெறிகட்டிகளில் ஒன்றில் புற்று இருந்தது. சிடியில் அது தெரியவே இல்லை. மாமாவுக்கு எண்டோஸ்கோபியில் மேலாக மட்டும் எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அந்த ஒன்று உள்ளேயே வளர்ந்திருக்கும். அதற்கப்புறம் கீமோவும் கொடுத்தார்கள். வருஷங்கள் ஓடிவிட்டன, ஆள் இருக்கிறார், வரப்பில் நடக்கிறார், அத்தையிடம் சண்டை போடுகிறார். ஆக, ஆபரேஷனைக் குறை சொல்லித் திரிகிறவள் இல்லை நான்.

ஆனால் விலை கொஞ்சமா? ஐசியூ, நெஞ்சில் ஒரு டியூப், மூக்கில் ஒரு டியூப், குடலுக்கு நேராகச் சாப்பாடு போகிறதற்கு வயிற்றில் ஒரு டியூப். கழுத்துத் தையலில் கசிவு வந்தது, எச்சில் கழுத்து வழியாக வந்தது, கழுத்துப் பக்கம் வந்தால் தானாக ஆறும், நெஞ்சுக்குள் என்றால்தான் ஆபத்து என்று தேற்றினார்கள், தேறுகிற நிலையில் யாரும் இல்லை. கசிவு என்பது இந்த ஆபரேஷனில் அபூர்வம் இல்லை, நல்ல கை செய்தாலும் பத்தில் ஒருவர் அளவுக்கு வரும். குரல் நரம்பு அசைபட்டதில் பல மாதம் கரகரப்பு. மூன்று பந்து இருக்கிற அந்த ஊதுகிற டப்பாவை, ஊதுகிறது இல்லை, உறிஞ்சுகிறது, ஆபரேஷனுக்கு முன்னாலிருந்தே பழக்கினார்கள், அது மிக முக்கியம், நிமோனியா வராமல் இருக்க அந்தப் பயிற்சி உதவும் என்றார்கள், அதைச் சொல்லிக்கொடுத்த பிசியோதெரபி பொண்ணுக்குத் தனியாக ஐந்துக்கு ஐந்து.

சாப்பாடுதான் நிரந்தர மாற்றம். இரைப்பை இப்போது பை இல்லை, குழாய். கொஞ்சமாக, அடிக்கடி சாப்பிட வேண்டும். இனிப்பாக வேகமாகக் குடித்தால் படபடத்து வேர்த்துக் கொட்டும், ஜிகர்தண்டாவுக்கும் பருத்திப்பாலுக்கும் அப்போதே கும்பிடு போட்டார். தலைப்பக்கம் கட்டிலை உயர்த்திவைத்துத்தான் தூக்கம், சமமாகப் படுத்தால் சாப்பிட்டது தொண்டைக்கு வரும். 'ஒரு தோசை தின்னுட்டு எந்திரிச்சிரணும், அடுத்ததுக்கு ரெண்டு மணி நேரம் ஆகும், கல்யாண வீட்டுல பந்தியில உக்காரவே கூச்சமா இருக்கு தாயி' என்றார் ஒருநாள். எங்கள் பக்கத்தில் பந்தியில் உட்கார முடியாதது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது.

நம்பர் கேட்கிறவர்களுக்காக. 2019-ல் வந்த ஷாங்காய் ஆய்வு ஒன்றில் டி1 ஸ்குவாமஸ் புற்றுக்கு ஈஎஸ்டி செய்த 322 பேரையும் உணவுக்குழாயை எடுத்த 274 பேரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தொடர்ந்து கவனித்த காலத்தில் இறந்தவர்கள் விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் சிகிச்சையை ஒட்டி வந்த கடுமையான சிக்கல்கள் ஈஎஸ்டியில் 15.2 சதவீதம், ஆபரேஷனில் 27.7 சதவீதம். இதைப் படித்துவிட்டு ஈஎஸ்டிதான் எல்லாருக்கும் என்று கிளம்பிவிடாதீர்கள். இந்த மாதிரி ஆய்வுகளில் யாருக்கு எது என்று டாக்டர்கள் பார்த்துத்தான் முடிவு செய்திருக்கிறார்கள், சீட்டுக் குலுக்கிப் பிரித்ததல்ல. குலுக்கிப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு ஏதாவது உண்டா என்று அமில எதுக்களிப்பால் உள்தோல் மாறி வருகிற பாரெட் வகை ஆரம்பப் புற்றுக்கு, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுகிற காக்ரேன் குழுவினர் தேடி 2010-ல் எழுதியபோது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆபரேஷன் செய்தால் நூற்றில் சில பேர் ஆஸ்பத்திரியிலேயே இறக்கிறார்கள், நிறையச் செய்கிற இடத்தில் குறைவு, எப்போதாவது செய்கிற இடத்தில் அதிகம். இது மட்டும் எந்த ஆய்வைப் புரட்டினாலும் மாறாமல் வருகிறது. அதனால் சர்ஜனிடம் 'வருஷத்துக்கு எத்தனை செய்றீங்க டாக்டர்' என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கேட்டதற்கு முகம் சுளிக்கிறவரிடம் படுக்காதீர்கள், அவ்வளவுதான்.

நடுவில் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு: ஈஎஸ்டி செய்து எடுத்துப் பார்த்தால் எதிர்பார்த்ததைவிட ஆழம், அல்லது நிணநீர்க் குழலுக்குள் புற்று. வயசானவர், நுரையீரல் சரியில்லை, பெரிய ஆபரேஷன் தாங்காது. ஆபரேஷன் இல்லாத வழியைப் பார்க்க ஜப்பானில் ஜேசிஓஜி 0508 என்று ஒரு ஆய்வு நடத்தினார்கள், சப்மியூகோசா வரை போயிருக்கலாம் என்று சந்தேகித்த 176 பேருக்கு முதலில் எண்டோஸ்கோபியில் எடுத்து, தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் கீமோவோடு கதிர்வீச்சு கொடுத்தார்கள். மூன்று வருஷத்தில் 92.6 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். இந்த வழியும் இருக்கிறது என்று மாமா காலத்தில் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் ஆபரேஷனைத்தான் எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன், ஆனால் கேட்டுவிட்டு எடுத்திருப்பார்.

அமில எதுக்களிப்பால் கீழ் உணவுக்குழாயில் வருகிற அடினோ வகை வேறு கணக்கு. அதில் எல்லைக்கோடு 500 மைக்ரான், எடுத்த பிறகு மீதிப் பாரெட் தோலைச் சூட்டால் பொசுக்கிவிடுகிறார்கள். ஜெர்மனியில் 1000 பேரை வைத்து 2014-ல் வந்த கணக்கில் 93.8 சதவீதம் பேருக்கு நீண்டகாலம் நோய் இல்லாமல் இருந்தது, எல்லாரும் மியூகோசாவோடு நின்றவர்கள். எங்கள் வீட்டில் இந்த வகை இல்லை என்பதால் இதற்கு மேல் எனக்குப் பேச யோக்கியதை இல்லை.

பணம். ஈஎஸ்டியில் கத்தி, கிளிப், ஊசி எல்லாம் தனித்தனிப் பொருள், தனித்தனி வரியாக பில்லில் வரும், பலூனையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிச் சேர்த்தாலும் மாமாவின் ஐசியூ பில்லுக்குக் கிட்டே வராது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு, ஆனால் உங்களுக்குச் சொன்ன அந்தக் குறிப்பிட்ட சிகிச்சை, அந்த ஆஸ்பத்திரியில், அந்தத் திட்டத்தில் வருகிறதா என்று காப்பீட்டு கவுண்டரில் எழுத்தில் வாங்கிக்கொண்டு அட்மிட் ஆகுங்கள். தனியார் இன்சூரன்ஸில் எங்களுக்கு ஒரு வேடிக்கை நடந்தது, 'எண்டோஸ்கோபி என்பது பரிசோதனை, சிகிச்சை இல்லை' என்று முதலில் மறுத்துவிட்டார்கள். டாக்டர் புற்றை அகற்றும் சிகிச்சை என்று கடிதம் கொடுத்து, பயாப்சி ரிப்போர்ட்டையும் இணைத்து மறுபடி அனுப்பின பிறகுதான் கொடுத்தார்கள். பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் பக்கத்துக்குக் கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் போகலாம், எங்கள் தெருவில் ஒருவர் வேறு புற்றுக்கு அங்கே பார்த்து நன்றாக இருக்கிறார்.

ஈஎஸ்டி செய்தவர்கள் மறக்கிற ஒன்று, குழாய் இன்னும் உள்ளே இருக்கிறது. இத்தனை வருஷம் புகையிலைச் சாறு இறங்கின குழாய் முழுக்கவே கெட்டுப் போயிருக்கலாம், இன்னொரு இடத்தில் புதிதாக முளைக்கலாம். அதனால் முதலில் சில மாதத்துக்கு ஒரு தடவை, பிறகு வருஷா வருஷம் லூகால் போட்டு எண்டோஸ்கோபி, கூடவே வாய், தொண்டையையும் காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் காட்ட வேண்டும், ஏனென்றால் அதே காரணத்தால் அங்கேயும் வரலாம். ஆபரேஷன் செய்தவருக்குக் குழாய் பெரும்பாலும் போய்விட்டது, அந்தக் கவலை குறைவு, மாமா இதைச் சொல்லி அப்பாவைக் கிண்டல் செய்வார். அப்பா புகையிலையை விட்டுவிட்டார், டீயைக் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிறதைத்தான் விடவில்லை. 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிப்பது இந்தப் புற்றுக்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல் சொன்னதைப் படித்துக் காட்டினேன். 'ஆறின டீ குடிக்கிறதுக்கு நான் எதுக்கு டீக்கடைக்குப் போறேன்' என்கிறார். இப்போது அம்மா இரண்டு டம்ளரில் ஆற்றிக் கையில் கொடுக்கிறாள்.

கடைசியாக ஒன்று, டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு வாங்க வேண்டியது: பயாப்சி ஸ்லைடும், சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கிற பாரஃபின் பிளாக்கும். நோயாளிக்குக் கேட்க உரிமை உண்டு, வேறு ஊரில் இன்னொரு டாக்டரிடம் ஆழத்தைப் பற்றி இரண்டாவது கருத்துக் கேட்க வேண்டுமானால் காகித ரிப்போர்ட் போதாது, அவர்கள் ஸ்லைடைத்தான் கேட்பார்கள். முதலில் பார்த்த இடத்தில் எங்களுக்கு பிளாக்கை எடுத்துக் கொடுக்க இழுத்தடித்தார்கள், எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, சீல் போட்ட நகலைக் கையில் வைத்துக்கொண்டு போய் நின்ற பிறகுதான் கிடைத்தது. விண்ணப்பத்தில் நோயாளியின் ஐபி (உள்நோயாளி) நம்பர், பயாப்சி நம்பர் இரண்டையும் எழுதுங்கள், இல்லையென்றால் தேடிப் பார்க்கிறோம் என்று அலையவிடுவார்கள்.